மூன்று நிமிடம் இருபது விநாடி

மின்தொகுப்பு மையத்தில் அவளை எல்லோரும் ஷிப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளர்கூட அப்படித்தான். இருபத்திரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. நாற்காலிக்கு மூன்று தடவை உறை மாற்றினார்களே தவிர, உட்காரும் ஆளை மாற்றவில்லை.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எதிர்ச்சுவர் முழுக்க ஒரு திரை. அதில் அந்த வட்டாரத்தின் பெரிய மின்லைன்கள் எல்லாம் கோடு கோடாக ஓடும். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் எழுந்து நில். வெளியே வெயிலா மழையா என்பதுகூட அவளுக்குத் திரையைப் பார்த்துத்தான் தெரியும். "எல்லாரும் ஏசியை அணைச்சுட்டாங்க, மழை வந்துடுச்சு போல" என்பாள். வெளியே போய்ப் பார்த்தால் நிஜமாகவே தூறிக்கொண்டிருக்கும்.

தெருவில் அவளுக்கு இருந்த மரியாதையைக் கேட்கவே வேண்டாம். எங்கோ ஒரு பியூஸ் போனாலும் எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து கத்துவார்: "என்னக்கா, தூக்கத்துல சுவிட்சைத் தட்டிட்டீங்களா?" அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரும் விடமாட்டார். "சார், நாட்டுக்கே வெளிச்சம் குடுக்கறவ, எங்க வீட்டு பாத்ரூம் பல்பை மாத்த ஆறு மாசமா நேரமில்ல" என்பார்.

அவளை இந்த வேலைவரை கொண்டுவந்தது அண்ணன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினொன்று, அண்ணனுக்குப் பத்தொன்பது. அவர் பஸ் கண்டக்டரானார், தங்கையைப் படிக்கவைத்தார். கல்லூரிக்கு அவள் அவருடைய பஸ்ஸில்தான் போவாள். ஒருநாள்கூட அவளைச் சும்மா ஏற்றியதில்லை. எல்லோருக்கும் போல அவளுக்கும் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுப்பார். "என் தங்கச்சிங்கறதால சீட்டு கிடைக்கும்னு நினைக்காத, நின்னுக்கிட்டு வா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அவளுக்கு மானம் போகும். இறங்கும்போது மட்டும் மெதுவாக, "பாப்பா, சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டியே" என்று நீட்டுவார். பாப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதான பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

முப்பது வருடப் புகையும் தூசியும் அண்ணனின் நுரையீரலைத் தின்றுவிட்டன. இப்போது கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின், மூக்கில் ஒரு குழாய். மெஷின் கரண்டில் ஓடும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். அண்ணி அதை ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது மையத்துக்கும் ஆணையத்துக்கும் உள்ள சங்கதியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே கதை புரியாது. ஒரு லைன் இவ்வளவு மின்சாரம்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் போனால் கம்பி சூடாகும், தொய்யும், ஒரு கட்டத்தில் தானாகவே அறுத்துக்கொண்டு நின்றுவிடும். அதன் பாரம் பக்கத்து லைன் தலையில் விழும். அதுவும் தாங்காமல் நிற்கும். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் அரை மணி நேரத்தில் மூன்று மாநிலம் இருட்டாகிவிடும். அதனால் தலைநகரில் இருக்கும் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி வைத்திருக்கிறது. முக்கியமான லைன் அளவை மீறினால், முப்பது நிமிடத்துக்குள் அதை அளவுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். எப்படியாவது. வேறு வழியில்லை என்றால் ஊரின் ஒரு பகுதிக்குக் கரண்டை நிறுத்தியாவது.

அப்படி நிறுத்துவதற்கு ஒரு பட்டியல் உண்டு. அறைக்குள் அதற்கு வெட்டுப் பட்டியல் என்று பெயர். பன்னிரண்டு பகுதிகள், முறை வைத்து. இந்தத் தடவை ஐந்து என்றால் அடுத்த தடவை ஆறு. முறையைத் தாண்டிப் போக நாற்காலியில் இருப்பவருக்கு உரிமை கிடையாது. அந்தப் பட்டியலையும் ஆணையம்தான் பார்த்து முத்திரை வைத்தது.

முப்பது நிமிடத்தைத் தாண்டினால் என்ன? ஆணையம் வந்து பிடிக்காது, மையம்தான் தானாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம், எங்களிடம் இந்தத் தப்பு நடந்தது, காரணம் இது என்று. தன் குற்றப்பத்திரிகையைத் தானே எழுதி, தானே தபாலில் சேர்க்கிற வேலை வேறு எங்கே உண்டு, சொல்லுங்கள்! தானாகச் சொன்னால் ஆணையம் திருத்தப் பார்க்கும். மறைத்ததை அது கண்டுபிடித்தால் தோலை உரித்துவிடும். நாற்காலியில் உட்காருவதற்கான சான்றிதழைக் கொடுப்பதும் அதுதான், பிடுங்குவதும் அதுதான்.

அந்தக் கோடைப் பகலில் மணி இரண்டேமுக்கால். வடக்கிலிருந்து வரும் பெரிய லைன் சிவப்பானது. ஷிப்ட் அக்கா எழுந்து நின்றாள். மேசைமேல் இருந்த நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அணைக்கட்டு மின்நிலையத்தைக் கூப்பிட்டாள். அங்கே இன்னொரு எந்திரத்தை ஓட்டினால் பாரம் குறைந்துவிடும்.

"பத்து நிமிஷத்துல ஓட்டிடறோம்க்கா" என்றார் அங்கிருந்தவர்.

பதினெட்டாவது நிமிடத்தில் மதகு சிக்கிக்கொண்டது என்றார்கள். இருபத்தாறில், "இதோ, வந்துட்டே இருக்கு" என்றார்கள். 'வந்துட்டே இருக்கு' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியும். வெட்டுப் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தாள். போன தடவை ஆறு. இந்தத் தடவை ஏழு. எண்ணுக்குப் பக்கத்திலேயே பகுதியின் பெயரும் இருந்தது.

ஏழாம் பகுதியில்தான் அண்ணன் வீடு.

பதினைந்து நாளாக அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். "பேட்டரி பத்து நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்." வேறு யாரிடம் சொல்வாள்? கரண்ட் வேலை பார்க்கிற நாத்தனார் இருக்கும்போது! "ஞாயித்துக்கிழமை வந்து மாத்திடறேன் அண்ணி" என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கூடுதல் ஷிப்டு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டாள். ஒரு தடவை வெட்டினால் இருபது நிமிடம் கழித்துத்தான் கரண்டைத் திருப்பிக் கொடுக்க முடியும். பேட்டரி பத்து நிமிடம். மீதிப் பத்து நிமிடம்?

அந்த அறையில் செல்போன் கிடையாது, வாசலிலேயே அலமாரியில் பூட்டிவிடுவார்கள். மேசைத் தொலைபேசியில் பேசினாலும், அறைக்குள் வாய்விட்டுப் பேசினாலும் பதிவாகும். இருபத்தெட்டு நிமிடம் இருபது விநாடியில் ஏழைத் தேர்ந்தெடுத்தாள். இனி ஒரு தட்டு தட்ட வேண்டியதுதான் பாக்கி. விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கவில்லை.

"அக்கா, இருபத்தொன்பது" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

கொஞ்சம் கழித்து, "அக்கா, முப்பது."

விரல் பொத்தான்மேலேயே இருந்தது. முப்பத்தொரு நிமிடம் நாற்பதாவது விநாடியில் மதகு திறந்து, அணைக்கட்டு எந்திரம் ஓடி, சிவப்புக் கோடு மஞ்சளாகிப் பச்சையானது. யாருக்கும் கரண்ட் போகவில்லை, எந்த லைனும் அறுந்து விழவில்லை. பக்கத்து மேசைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "தப்பிச்சோம்டா சாமி" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

ஷிப்டு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி, அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"என்ன பாப்பா, திடீர்னு? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை கூட இல்லையே" என்றார் அண்ணன், மூச்சுக்கு நடுவே.

"இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் வந்தவ பத்து கிலோ பேட்டரியையும் கையோட எடுத்துட்டு வந்தியா?"

அண்ணி சிரித்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

ஆணையத்துக்கு எழுதுகிற கடிதங்களை மையத்தில் பார்த்துக்கொள்பவருக்குப் பைல்காரர் என்று பெயர். நல்ல மனிதர். பதினாறு வருடமாக ஆணையத்தின் கேள்விகளுக்கு நடுவே மையத்தைக் கொட்டு வாங்காமல் காப்பாற்றி வந்தவர். மூன்றாம் நாள் கடிதத்தோடு வந்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி தாமதம். காரணம்: அணைக்கட்டு மின்நிலையத்திலிருந்து கூடுதல் மின்சாரம் வருவதை எதிர்பார்த்தது.

"படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்கக்கா. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுடும். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை, யார் என்ன சொல்லப்போறாங்க?"

எழுதியிருந்ததில் பொய் எதுவும் இல்லை. அவள் எதிர்பார்த்தது உண்மைதானே? கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கடையில் யாருக்கோ கண் சோதித்த கதையைக் கணவர் சொல்லிக்கொண்டிருப்பார், இவள் பாதியில் எழுந்து போய்விடுவாள். "உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் அவர். மூன்று மாநிலம். அத்தனை ஆஸ்பத்திரி, அத்தனை லிஃப்ட், அத்தனை வீட்டில் எத்தனை கட்டில், எத்தனை மெஷின். ஒரு வீட்டுக்காக அத்தனையையும் மூன்று நிமிடம் இருபது விநாடி சூதாட்டத்தில் வைத்தவள் நான்தானே என்று குளிக்கும்போதுகூட நினைப்பு வரும். அதே மூச்சில், இன்னொரு தடவை ஏழு வந்தால் அமுக்குவேனா என்றும் கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்விக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

ஆறு வாரம் கழித்து ஆணையத்திலிருந்து ஒரு பரிசோதகர் அம்மா வந்தார். நரைத்த தலை, தோளில் ஒரு துணிப்பை, பையில் சொந்த பிளாஸ்க். யாரையும் அதட்டவில்லை. இரண்டு நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும் என்று சொன்னேனல்லவா? மூன்றாம் நாள் ஷிப்ட் அக்காவைக் கூப்பிட்டு, பதிவை ஓடவிட்டார். அணைக்கட்டுக்காரரின் குரல் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஏசியின் உறுமல். "அக்கா, இருபத்தொன்பது." உறுமல். "அக்கா, முப்பது." உறுமல்.

"கடிதத்துல தண்ணி கரண்டுக்காகக் காத்திருந்தீங்கன்னு எழுதியிருக்கு" என்றார் பரிசோதகர். "நானும் இந்த மாதிரி நாற்காலியில பதினாலு வருஷம் உக்காந்தவதான். கரண்டுக்காகக் காத்திருக்கறவங்க சும்மா இருக்க மாட்டாங்க. போன் மேல போன் போடுவாங்க, திட்டுவாங்க. நீங்க வாயே திறக்கல. இருபத்தெட்டு இருபதுல ஏழைத் தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் மூணு நிமிஷம் இருபது செகண்ட் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பைல்காரர் மேசைக்கு அடியில் காலால் தரையைத் தட்டினார். சொல்லாதீங்க என்று அர்த்தம். ஒரே வாக்கியம் போதும், 'வந்துடும்னு நம்பிட்டேன் மேடம்' என்று. நாற்காலி அவளுடையதாகவே இருக்கும்.

"எங்க அண்ணன் மூச்சு விடறாரான்னு நினைச்சுட்டிருந்தேன் மேடம்" என்றாள் அவள்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஏழாம் பகுதி, மெஷின், பத்து நிமிடப் பேட்டரி, தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமை. சொல்லி முடித்ததும் அழுதாள். பரிசோதகர் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்து முடிக்கும்வரை எழுத ஆரம்பிக்கவில்லை.

சான்றிதழை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தது ஆணையம். அதுவரை பைல்காரரின் அறையில் ஒரு மேசை. அவர் முதல் வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. "நான் கட்டின வீட்டை நீங்களே வந்து இடிச்சீங்க" என்று ஒருநாள் வெடித்தார். அப்புறம் அவரே ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணனுக்கு விஷயம் அவள் கணவர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதருக்கு ரகசியம் வயிற்றில் தங்காது. அண்ணன் ஆள்விட்டுக் கூப்பிட்டனுப்பினார். அவ்வளவு கோபமாக அவரை அவள் பார்த்ததே இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் பஸ்ல நின்னேன். யார் ஏறினாலும் டிக்கெட் கிழிச்சேன். உனக்கே கிழிச்சேன். கிழிச்சேனா இல்லையா?"

"கிழிச்சீங்க."

"அப்ப நீ எனக்கு ஏன் கிழிக்கல?"

"டிக்கெட் வேறண்ணே, மூச்சு வேற!" என்று கத்தினாள். அந்த வீட்டில் அவள் அண்ணனிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "நீங்க இல்லாம நான் யாரு? விரல் நகரல. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அண்ணன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். மெஷின் சர் சர் என்று ஓடிக்கொண்டிருந்தது. "பேரைப் பாக்காத பாப்பா" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "கூட்டத்துல நான் முகத்தைப் பாக்க மாட்டேன். நீட்டற கையை மட்டும்தான் பாப்பேன். முகத்தைப் பாத்தா என்னாலயும் முடிஞ்சிருக்காது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தக் கைகள் ஞாபகம் வந்தன. மறுநாள் காலையில் பைல்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.

வெட்டுப் பட்டியலில் பெயர் எதற்கு? எண்ணும் வேண்டாம், எண் பழகினால் அதுவும் பெயர்தான். வாரா வாரம் கம்ப்யூட்டரே கலைத்துப் போட்டு, வரிசையில் அடுத்தது என்று மட்டும் காட்டட்டும். எந்தப் பகுதி என்று நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியவே வேண்டாம். இன்னொன்று: மெஷினில் மூச்சுவிடுகிற ஆட்கள் இருக்கும் வீடுகளையெல்லாம் மின்வாரியம் பதிந்துவைத்து, மாதம் ஒருமுறை பேட்டரியைப் பார்த்துவர வேண்டும். பைல்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை அனுப்பினா ஆணையம் நம்மைக் கேள்வி கேட்டே கொன்னுடும்" என்றார். ஆனாலும் அனுப்பினார்.

கேட்டார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் பகுதியை எப்படி ஒதுக்குவீர்கள்? கலைப்பதை யார் சரிபார்ப்பது? ஒரே பகுதிக்கு இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால்? பதினோரு கடிதம் வந்தது, பதினோரு பதில் போனது. பைல்காரர் சொல்லச்சொல்ல அவள் எழுதினாள், அவள் எழுதியதை அவர் அடித்துத் திருத்தினார், இருவரும் சண்டை போட்டார்கள். நாற்காலியில் இருந்தவரை ஆணையம் என்றால் அவளுக்குப் பிரம்பு எடுத்த வாத்தியார்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தபோது, அவர்களும் இருட்டை நினைத்துப் பயப்படுகிற ஆட்கள்தான் என்று தெரிந்தது. பன்னிரண்டாவதாக வந்த கடிதத்தில் கேள்வி இல்லை, முத்திரை இருந்தது.

அடுத்த கோடையில் அவள் நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அதே வடக்கு லைன் சிவப்பானது. அணைக்கட்டில் தண்ணீர் குறைவு, உதவிக்கு எதுவும் இல்லை. இருபத்து நான்காவது நிமிடத்தில் பட்டியலைத் திறந்தாள். திரையில் ஒரே ஒரு வரி: அடுத்தது. அவ்வளவுதான். பன்னிரண்டில் ஒன்று. அதில் ஏழும் உண்டு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நீட்டிய கை, முகம் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அமுக்கினாள்.

லைன் பச்சையானது. எங்கோ, யார் யார் வீட்டிலோ மின்விசிறி நின்றது. இருபதாவது நிமிடம் சரியாகக் கரண்டைத் திருப்பிக் கொடுத்தாள். மீதி ஷிப்டை எப்படி ஓட்டினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து மணிக்கு அலமாரியைத் திறந்து செல்போனை எடுத்தாள். அண்ணியிடமிருந்து தவறிய அழைப்புகள் நான்கு. முதல் அழைப்பு, அவள் பொத்தானை அமுக்கியதற்கு இரண்டு நிமிடம் கழித்து. தாழ்வாரத்துச் சுவரோரம் ஒதுங்கினாள். கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ." அண்ணன் குரல்தான். மூச்சு வாங்கியது, எப்போதும் வாங்குகிற மூச்சு. "என்ன பாப்பா, இன்னிக்கு எனக்கும் டிக்கெட் கிழிச்சிட்டியா?"

"தெரியாதுண்ணே" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதானே எழுதிக் குடுத்த? உங்க அண்ணி பயந்துட்டு உனக்குப் போன் போட்டுட்டே இருந்தா. அடி, அவ வேலையில இருக்கா, இருபது நிமிஷத்துல குடுத்துடுவான்னு சொன்னேன். கடிகாரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். பத்தொன்பது ஆச்சு. இவ அழ ஆரம்பிச்சா. இருபதுல வந்துடுச்சு."

"பேட்டரி?"

"அது பாட்டுக்கு ஓடிச்சு. மின்வாரியத்து ஆள் போன வாரம்தான் பாத்துட்டுப் போனான்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"மத்தியானச் சாப்பாடு அப்படியே இருக்கா? டப்பாவை எடுத்துட்டு நேரா இங்க வா. உன்னை நிக்க வைக்க மாட்டேன், உக்காந்தே சாப்பிடலாம்."

அவள் சுவரோரம் நின்று வாய்விட்டு அழுதாள். அடுத்த ஷிப்டுக்கு வந்த பக்கத்து மேசைக்காரர் பதறிப்போய், "என்னாச்சுக்கா, வீட்ல யாருக்காவது ஏதாவது?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.